அண்ணன் பெயரில் ஒரு நெஞ்சு

சின்னவன் தன் அண்ணனின் அடையாள அட்டையைக் காட்டி, அண்ணன் பெயரைச் சொல்லி, அண்ணனுக்குப் பதிலாக எக்ஸ்ரே எடுத்துக்கொண்டு வந்ததைப் படித்துவிட்டு, "இப்படியெல்லாம் எங்காவது நடக்குமா?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நடக்கும் ஐயா. வயிறு என்று ஒன்று இருக்கிற வரைக்கும் எல்லாம் நடக்கும்.

புதிதாக இந்த வீட்டுக்குள் வருகிறவர்கள் வாசலிலேயே நிற்க வேண்டாம். சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பெரியவன் சமையல் மேடைக்குக் கல் அறுக்கிற பட்டறையில் பதினெட்டு வருடமாகக் கட்டர் பிடிக்கிறவன். மலையில் வெட்டி எடுத்த கல் இல்லை அது. கல்லைப் பொடித்து, பசை சேர்த்து இறுக்கி, வழவழவென்று பலகையாக்கி வருகிற கல். கறை பிடிக்காது, கீறல் விழாது என்று சொல்லி விற்கிறார்கள். பொய் இல்லை, மேடைக்கு ஒன்றும் ஆகாது. அறுக்கிறவனுக்குத்தான் ஆகும்.

பட்டறையில் வருடத்துக்கு ஒரு தடவை எல்லோருக்கும் நெஞ்சுப் படம் எடுக்கச் சொல்கிறார்கள். நல்ல விஷயம்தானே என்பீர்கள். படத்தில் புள்ளி தெரிந்தவனை முன்பெல்லாம் என்ன செய்தார்கள் தெரியுமா? கணக்கு முடித்து வீட்டுக்கு அனுப்பினார்கள். அதனால்தான் பெரியவனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்ததும் வீட்டில் இந்த யோசனை வந்தது. அண்ணனும் தம்பியும் ஒரே அச்சு. வயது வித்தியாசம் தெரியாதா என்றால், சின்னவன் வேலை முடிந்து நேராகப் போனால் போதும், தலை முழுக்கக் கல்தூசி. நரை பூச வேண்டியதே இல்லை. இரண்டு வருடம் அவன் நெஞ்சைக் காட்டினார்கள். இரண்டு வருடமும் சுத்தம் என்று வந்தது. இது மூன்றாவது வருடம், பத்து நாளைக்கு முன்னால்தான் போய் எடுத்துவிட்டு வந்தான்.

இடையில் ஒன்று நடந்தது. போன மாதம் பெரியவன் ரொம்பவும் முடியாமல் இலவச மருத்துவமனைக்குப் போனான். அங்கே எடுத்த படத்தில் நெஞ்சு இரண்டு பக்கமும் வெள்ளை. முற்றிப்போய்விட்டது என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

இன்றைக்குக் காலையில் பட்டறையின் கிளினிக்கிலிருந்து போன் வந்தது. மத்தியானம் டாக்டரைப் பார்க்க வேண்டும், கூட வீட்டு ஆள் ஒருவரையும் அழைத்து வர வேண்டும்.

அவ்வளவுதான், வீடு இரண்டுபட்டது.

"யாரோ போட்டுக் கொடுத்துட்டான்" என்றான் பெரியவன். கட்டிலில் தலையணையை முதுகுக்கு வைத்துச் சாய்ந்திருந்தான். இன்று இரவு ஷிப்ட், அதற்குள் கொஞ்சம் மூச்சைச் சேர்த்துவைக்கப் பார்த்தான். "பாலிஷ் பிரிவுல ஒருத்தன் ரொம்ப நாளா என்னையே பாத்துட்டிருக்கான்."

"போட்டுக் கொடுத்திருந்தா வீட்டு ஆளைக் கூட்டிட்டு வான்னு சொல்ல மாட்டாங்க அண்ணே, போலீஸைக் கூட்டிட்டு வருவாங்க." சின்னவன் காலுறையைத் தேடிக்கொண்டே சொன்னான். எதையும் இலேசாக எடுத்துக்கொள்கிற பிறவி அவன். "எனக்கு என்ன தோணுதுன்னா, இலவச ஆஸ்பத்திரியில எடுத்த உன் படம் இங்க வந்திருக்கும். பேர் ஒண்ணு, அட்டை நம்பர் ஒண்ணு. இப்பதான் எல்லாத்தையும் கம்ப்யூட்டர்ல சேத்துடறாங்களே."

அது நம்பும்படி இருந்தது. வீட்டிலிருந்த மூன்று பேருமே நம்பினார்கள்.

"அப்போ எல்லாம் முடிஞ்சுது" என்றான் பெரியவன்.

"என்னான்னு கேட்டுட்டாவது வரணும்ல" என்றாள் அண்ணி. பெரியவனின் மனைவிதான். இந்தக் கதையில் எல்லோருக்கும் அவள் அண்ணிதான், உங்களுக்கும் எனக்கும் உட்பட. ஒரு பெரிய தங்கும் விடுதியின் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிக்கிற வேலை. நாள் முழுக்க நின்று நின்று கணுக்கால் எப்போதும் வீங்கியே இருக்கும். "நீங்க கிளம்புங்க. நானும் வரேன்."

"நான் எப்படி வர்றது? படம் எடுத்த அன்னிக்கு அந்த டாக்டரம்மா முகத்தைப் பாத்துப் பேசினது இவன்கிட்ட. நான் போய் நின்னா ரெண்டு பேருக்கும் வேலை போயிடும்."

மூவரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அப்புறம் சின்னவன்தான் சிரித்தான்.

"அப்போ நானும் அண்ணியும் புருஷன் பொண்டாட்டியாப் போகணும். சரியாப் போச்சு போங்க. அண்ணி, அங்க வந்து என்னை 'டேய், சாப்பிட்டியாடா'ன்னு கேட்டுடாதீங்க."

"உன் வாயைத் தைக்கணும்" என்றாள் அண்ணி. சொல்லும்போதே அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"கேள்வி கேட்டா என்னை மாதிரியே சொல்லுடா" என்றான் பெரியவன். "பதினெட்டு வருஷம். மறந்துடாதே."

*

சின்னவனுக்கு அன்று காலையில் ஒரு வீட்டில் வேலை. அவன் ஃபிட்டர். பட்டறையில் அறுத்த பலகையை வீடுகளுக்குக் கொண்டுபோய்ச் சமையலறையில் பொருத்துகிறவன். அவனை அந்த வேலையில் சேர்த்துவிட்டது பெரியவன்தான். "உள்ளே வராதே. வெளிக்காத்து வேலையாப் பாத்துக்கோ" என்று சொல்லித்தான் சேர்த்தான். ஆறு வருடம் ஆகிறது. பட்டறைக்காரர்களுக்கு ஃபிட்டர்கள் காண்ட்ராக்ட் ஆட்கள், அவர்களுக்குப் படமும் கிடையாது, பரிசோதனையும் கிடையாது.

வெளிக்காற்று வேலை எப்படி இருக்கும் என்று ஒரு தடவை பார்த்துவிடுவோம்.

மேட்டுத் தெருவில் தோட்டத்தோடு ஒரு வீடு. பலகையை மேடையில் ஏற்றிப் பார்த்தால், பட்டறையில் வெட்டி அனுப்பிய ஓட்டைக்குள் சிங்க் இறங்கவில்லை. வீட்டுக்காரி கடைசி நேரத்தில் பெரிய சிங்க் வாங்கியிருந்தாள். இதெல்லாம் பாதி வீட்டில் நடப்பதுதான். அங்கேயே அறுக்க வேண்டும். தண்ணீர் ஊற்றி அறுத்தால் தூசி அடங்கும். ஆனால் கீழே புது மர அலமாரி, தண்ணீர் பட்டால் ஊறி உப்பிவிடும். உப்பினால் யார் தலையில் விடியும்? ஆகவே காய்ந்த கல்லைக் காய்ந்தபடியே அறுக்க வேண்டும்.

வீட்டுக்காரி நல்லவள். அதையும் சொல்லத்தான் வேண்டும்.

"தம்பி, என் பையனுக்கு வீஸிங் இருக்கு. தூசி கொஞ்சம் பட்டாலும் ராத்திரி முழுக்கத் தூங்க மாட்டான். அவனைத் தங்கச்சி வீட்டுக்கு அனுப்பிட்டேன். இருந்தாலும் நீங்க அறுக்கும்போது இந்தக் கதவை அடைச்சுக்கணும், சரியா?"

"அடைச்சுக்கறேன் மேடம்."

அவளே பிளாஸ்டிக் விரிப்பும் டேப்பும் கொண்டுவந்தாள். கதவுச் சட்டத்தைச் சுற்றி ஒரு இடுக்கு விடாமல் ஒட்டச் சொன்னாள். ஜன்னலையும் மூடச் சொன்னாள், காற்று அடித்தால் தூசி மாடிக்குப் போய்விடுமாம். ஒட்டுவதற்கு முன் உள்ளே எட்டிப் பார்த்தாள். அவள் மூக்கை மூடி நல்ல தடித்த மாஸ்க்.

"உங்களுக்கு மாஸ்க் இருக்குல்ல?"

"இருக்கு மேடம்" என்று சின்னவன் கைக்குட்டையை எடுத்துக் காட்டினான்.

அவளுடைய அப்பா, எண்பதைத் தாண்டிய மனிதர், காலை நடை முடித்து வந்தவர், பலகையைத் தடவிப் பார்த்தார். "எத்தனை காலம் உழைக்கும்பா இது?"

"உங்க பேரனோட பேரன் காலம் வரைக்கும் இருக்கும் ஐயா. இது அசையாது."

அதற்குப் பிறகு பிளாஸ்டிக்கை ஒட்டினார்கள். சின்னவன் உள்ளே இருந்தான். கட்டர் ஓடத் தொடங்கியதும் சமையலறை வெள்ளையாகிவிட்டது. பென்சில் கோடு தெரியவில்லை. நிறுத்தி, வாயால் கோட்டின் மேல் ஊதி, மறுபடி அறுத்தான். கோடு தெரிய வேண்டுமென்றால் ஊதித்தானே ஆக வேண்டும், அதற்கு முன்னால் மூச்சை இழுத்துத்தானே ஆக வேண்டும். முடித்து வெளியே வந்தபோது அவன் கண் இமை வரை வெள்ளை. வீட்டுக்காரி ஒரு பெரிய கிளாஸில் பழச்சாறு கொடுத்தாள். வெளியே தோட்டத்தில் நின்று குடிக்கச் சொன்னாள்.

அந்த வீட்டில் எல்லோருக்கும் தெரிந்திருந்தது, அந்தத் தூசி ஆகாது என்று. ஒருவர்கூட மறைக்கவில்லை. நோய் எல்லோருக்கும் பொது என்று பேசுகிறார்கள் பாருங்கள், எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. தண்ணீர் பள்ளத்துக்குத்தான் ஓடும்.

"மேடம், சிங்க் ஒட்டுறதுக்குப் பசை காயணும். மத்தியானம் ஒரு சின்ன வேலை. முடிச்சுட்டு வந்து ஓரத்தை இழைச்சுக் கொடுத்துடறேன்" என்று சொல்லிவிட்டு அவன் கிளினிக்குக்குக் கிளம்பினான். தலையைத் தட்டிக்கொள்ளவில்லை. நரை வேண்டுமே.

*

கிளினிக் அறையில் இரண்டு நாற்காலி, ஒரு மேசை, சுவரில் படத்தைச் செருகிப் பார்க்கிற வெளிச்சப் பெட்டி. டாக்டரம்மா களைத்த முகத்தோடு இருந்தார். அண்ணி கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு கொழுந்தன் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நாப்பத்தோரு வயசா? பாத்தா தெரியலையே" என்றார் டாக்டரம்மா.

"வீட்டுக் கவலை எல்லாம் என்கிட்ட விட்டுட்டாரு, அதான்" என்றாள் அண்ணி. சொன்ன பிறகு தன் சாமர்த்தியத்தை நினைத்துத் தனக்கே வெட்கமாக இருந்தது.

"எத்தனை வருஷமா கட்டிங்ல இருக்கீங்க?"

"பதினெட்டு வருஷம் மேடம்."

"மூச்சு வாங்குதா?"

"வாங்கும் மேடம். படி ஏறினா நடுவுல நின்னுடுவேன். ராத்திரி நேராப் படுக்க முடியாது, ரெண்டு தலையணை வேணும். சாப்பாடு பாதியில வெச்சுடுவேன்." அண்ணனின் ஒவ்வொரு கஷ்டத்தையும் வரிசை தவறாமல் சொன்னான். வீட்டில் தினமும் கண் முன்னால் பார்க்கிறவன் இல்லையா. அண்ணிக்குக் கண் கலங்கியது. நடிப்பில்லை. புருஷனுக்காக வந்த கண்ணீர்தான்.

டாக்டரம்மா மார்பில் குழாயை வைத்துக் கேட்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. "பக்கத்து ரூம்ல ஒரு குழாய் குடுப்பாங்க, அதுல உங்களால முடிஞ்ச மட்டும் ஊதிட்டு வாங்க" என்று அனுப்பினார். சின்னவன் எழுந்து போனான்.

அவன் போனதும் டாக்டரம்மா படத்தை வெளிச்சப் பெட்டியில் செருகினார்.

"உங்ககிட்ட முதல்ல சொல்றேன், பயப்படாதீங்க. மேல் பக்கம் பாருங்க, இங்கேயும் இங்கேயும், பொடிப் பொடியாப் புள்ளி. கல்தூசி உள்ள தங்கியிருக்கு. முதல் கட்டம்தான். உள்ள போனது வெளிய வராது, அதுக்கு மருந்து கிடையாது. இனிமே ஒரு சிட்டிகைகூட உள்ள போகக் கூடாது, அது ஒண்ணுதான் வைத்தியம்."

முதல் கட்டமா? அண்ணிக்குக் குழப்பமாக இருந்தது. இலவச மருத்துவமனையில் முற்றிப்போச்சு என்றல்லவா சொன்னார்கள்? ஒருவேளை அவர்கள்தான் தப்பாகச் சொல்லியிருப்பார்களோ என்று ஒரு நிமிடம் அவள் நெஞ்சு எகிறிக் குதித்தது. பாவம், அந்த ஒரு நிமிடம்தான் அவளுக்கு இந்த வாரத்தில் கிடைத்த சந்தோஷம்.

"போன வருஷப் படத்துல ஒண்ணுமே இல்ல, அதான் எனக்கு இடிச்சுது. பதினெட்டு வருஷம் அறுத்தவருக்கு இவ்ளோதான்னா இது மெதுவா வர்ற வகை, முன்னாடியே இருந்ததைக் கவனிக்காம விட்டிருப்பாங்க. இதே அஞ்சாறு வருஷம் வேலை செஞ்ச ஆளுக்கு இந்தப் படம் வந்திருந்தா இன்னிக்கே பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பியிருப்பேன். அது நிக்காம ஓடுற வகை." டாக்டரம்மா பேனாவின் நுனியால் படத்தின் ஓரத்தைத் தொட்டார். "இடது தோள்பட்டை எலும்புல ஒரு பழைய முறிவு தெரியுது. சின்ன வயசுல எங்கேயாவது விழுந்தாரா?"

அண்ணி அந்த எலும்பைப் பார்த்தாள்.

அந்த வீட்டுக்கு அவள் மருமகளாக வந்த வருடம். மாமியார் இல்லாத வீடு. வாலாட்டம் தாங்காத ஒரு பயல் மதிலிலிருந்து விழுந்து, தோளைக் கட்டிக்கொண்டு கிடந்தான். வலது கையாலேயே சாப்பிடலாம், ஆனால் அடம். புது அண்ணி ஊட்டினால்தான் சாப்பிடுவேன் என்று அடம். எலும்பு கூடுகிற வரைக்கும் ஊட்டினாள். அவள் புருஷன் வாழ்க்கையில் எங்கேயும் விழுந்ததில்லை.

"என்னம்மா?"

"விழுந்தான்" என்றாள். பிறகு "விழுந்தாரு" என்று திருத்திக்கொண்டாள்.

பக்கத்து அறையில் சின்னவன் ஊதுகிற சத்தம் கேட்டது. நர்ஸ் "இன்னும், இன்னும், விடாதீங்க" என்று சொல்லிக்கொண்டிருந்தாள்.

அவள் வாயைத் திறந்தாள். சொல்லிவிடத்தான் திறந்தாள். அதற்குள் டாக்டரம்மா அடுத்ததைச் சொல்லிவிட்டார்.

"ஒரு நல்ல விஷயம் இருக்கு. இப்போ புது விதி. முதல் கட்டம்னா வேலையை விட்டு எடுக்கக் கூடாது, தூசி இல்லாத இடத்துக்கு மாத்தணும். ஷோரூம்ல ஒரு இடம் காலியா இருக்காம், கண்ணாடி ரூம், கஸ்டமருக்குக் கல்லோட சாம்பிள் காட்டுற வேலை. ஒரே இடம்தான். உங்க வீட்டுக்காரர் பேரை எழுதியிருக்கேன்."

"முத்திப்போயிருந்தா?"

"வேலைக்குத் தகுதி இல்லைன்னு கணக்கு முடிச்சுடுவாங்க. அது என் கையில இல்லம்மா."

"ஃபிட்டருங்களுக்கு?"

"அவங்க காண்ட்ராக்ட். அவங்க என்கிட்ட வர்றதே இல்ல. ஏன்?"

"சும்மாதான்." அண்ணி கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னாள். "என் கொழுந்தன் ஃபிட்டர்."

கதவைத் திறந்துகொண்டு சின்னவன் வந்தான். கடைசி வார்த்தை காதில் விழுந்திருக்கும் போல.

"அவரையும் ஒரு நாள் கூட்டிட்டு வாங்க, சொந்தச் செலவுல ஒரு படம் எடுத்துப் பாக்கலாம்" என்றார் டாக்டரம்மா.

"அவனுக்கா?" சின்னவன் சிரித்தான். "அவனுக்கு ஒண்ணும் இருக்காது மேடம். கல்லைத் தின்னாலும் செரிக்கிற வயசு."

*

முதல் கட்டம், ஷோரூம் என்று டாக்டரம்மா சின்னவனிடமும் சொல்லி அனுப்பினார். தெருவுக்கு வந்ததும் அவன் அண்ணியின் கையிலிருந்து பையை வாங்கித் தன் தோளில் மாட்டிக்கொண்டான்.

"பாத்தீங்களா அண்ணி? இலவச ஆஸ்பத்திரிக்காரங்க சும்மா பயமுறுத்தியிருக்காங்க. அவங்க எடுத்த அதே படத்தைப் பாத்துட்டுத்தான் இந்த டாக்டரம்மா முதல் கட்டம்னு சொல்றாங்க. கண்ணாடி ரூம்ல ஏசி இருக்கும். இனிமே நம்ம அண்ணன் டை கட்டிட்டுப் போவாரு பாருங்க." குரலில் அப்படி ஒரு சந்தோஷம். "ஏன் அண்ணி அழறீங்க? நல்லதுதானே நடந்திருக்கு?"

"அழல. வெயில்."

"பஸ் ஏத்திவிடறேன். நீங்க போய் அண்ணன்கிட்ட சொல்லுங்க. எனக்கு அந்த வீட்ல ஓரம் இழைக்கிற வேலை பாக்கி இருக்கு."

"இன்னிக்குப் போகாதேயேன்."

"பாதியில விட்டா காண்ட்ராக்டர் உண்டு இல்லைன்னு ஆக்கிடுவான். வீட்டுக்காரம்மா கதவுல பிளாஸ்டிக்கை அப்படியே வெச்சிருக்காங்க, உள்ள நுழைஞ்சா அரை மணி வேலை."

போகாதே, அது உன் நெஞ்சு என்று ஒரே வார்த்தையில் சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை என்று அவளைக் கேட்காதீர்கள். சொன்னால் புருஷனுக்குக் கிடைத்த நாற்காலி போகும். பித்தலாட்டம் செய்தார்கள் என்று இரண்டு பேர் வேலையும் போகும். சொல்லாவிட்டால் இவன் போவான். மத்தளத்துக்கு இரண்டு பக்கமும் இடி என்பார்கள். மத்தளமாவது எவனோ அடிக்கிறான் என்று கிடக்கலாம். இவள் கையில் அல்லவா கோலைக் கொடுத்திருக்கிறார்கள். பஸ் வந்தது. ஏறிவிட்டாள். ஏறியதற்காகத் தன்னையே திட்டிக்கொண்டு வீடு வரை போனாள்.

*

பெரியவன் சங்கதியைக் கேட்டு முதலில் சிரித்தான். முதல் கட்டம், கண்ணாடி அறை, நாற்காலி. பல மாதத்துக்குப் பிறகு அவன் சிரித்து அவள் பார்க்கிறாள். சிரிப்பே இருமலில் போய் முடிந்தது. அவள் முதுகைத் தடவிவிட்டாள். தடவிக்கொண்டே மிச்சத்தையும் சொன்னாள், தோள் எலும்பு வரைக்கும்.

அவன் மூச்சைச் சேர்த்துக்கொண்டு கேட்டான்.

"அவனுக்குத் தெரியுமா?"

"தெரியாது. உங்க படம்னுதான் நெனச்சிட்டிருக்கான்."

"உள்ளே வராதேன்னு நான்தானே சொன்னேன். வெளிக்காத்துன்னு..." அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டான். பிறகு அவளைப் பார்க்காமல் சொன்னான். "ஒரு வாரம் சொல்லாதே."

"என்ன?"

"ஒரே ஒரு வாரம். மாத்தல் ஆகட்டும். நான் போய் அந்த இடத்துல உக்காந்துக்கறேன். அப்புறம் நானே அவன்கிட்ட சொல்றேன். இப்ப சொன்னா அவனுக்கும் ஒண்ணும் கிடைக்கப் போறதில்ல, எனக்கும் இல்ல. ரெண்டு பேரும் வீட்ல உக்காந்தா எதைத் தின்றது?"

"ஒரு வாரத்துல அவன் எத்தனை வீட்ல கதவை அடைச்சுட்டு அறுப்பான்னு தெரியுமா உங்களுக்கு?"

"ஆறு வருஷமா அறுத்தவன், ஒரு வாரத்துல என்ன..." என்று ஆரம்பித்தவன் முடிக்கவில்லை. முடிக்க முடியவில்லை.

அண்ணி அவனை வெறித்துப் பார்த்தாள். தம்பிக்குக் காய்ச்சல் என்றால் வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பக்கத்தில் உட்காருகிற மனிதன். தம்பிக்கு நல்ல சட்டை எடுத்துக் கொடுத்துவிட்டுத் தான் பழசைப் போடுகிறவன். அந்த வாயிலிருந்துதான் இது வந்தது. கெட்டவனாக இருந்தால் அவளும் இரண்டு வார்த்தை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டுவிட்டு ஓய்ந்திருப்பாள். நல்லவனை இந்த அளவுக்குக் கொண்டுவந்து விட்டிருக்கிறார்களே, அதை யாரிடம் போய்க் கேட்பது?

"உங்க மூச்சு எனக்கு முக்கியம்தான்" என்றாள். "அவன் என் கையால சாப்பிட்டு வளந்தவன். என்னை இதுல கூட்டுச் சேக்காதீங்க."

கதவு திறந்தது. சின்னவன் கை நிறைய பிஸ்கட் பாக்கெட்டுகளோடு வந்தான். தலை இன்னும் வெள்ளையாகவே இருந்தது.

"என்ன, ரெண்டு பேரும் துக்க வீடு மாதிரி உக்காந்திருக்கீங்க? ஷோரூம் மேனேஜருக்கு மரியாதை இல்லையா இந்த வீட்ல?" அண்ணன் பக்கத்தில் கட்டிலில் தொப்பென்று உட்கார்ந்தான். "அண்ணே, ஒண்ணும் யோசிக்காதே. அந்த வேலையில சம்பளம் கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கும். அதுக்கும் வழி பண்ணிட்டேன். காண்ட்ராக்டர்கிட்ட பேசி நாளையிலருந்து தினம் ரெண்டு வீடு வாங்கியிருக்கேன். உனக்குக் குறையறதை நான் ஈடு கட்டிடுவேன்."

பெரியவன் அவன் கையைப் பிடித்தான். வாய் மட்டும் திறக்கவில்லை.

"தம்பி" என்றாள் அண்ணி. "நாளைக்கு நீ போகக் கூடாது."

பெரியவன் நிமிர்ந்து அவளைப் பார்த்தான். வேண்டாம் என்று அந்தப் பார்வை கெஞ்சியது. அவள் அதைப் பார்த்தாள், பார்த்துவிட்டுத்தான் பேசினாள்.

"நீ மதில்ல இருந்து விழுந்தியே, எந்தத் தோள் முறிஞ்சுது உனக்கு?"

"இடது. நீங்கதானே ஊட்டிவிட்டீங்க, மறந்துட்டீங்களா? இப்ப எதுக்கு அது?"

"நீ பக்கத்து ரூம்ல ஊதிட்டிருந்தப்போ டாக்டரம்மா படத்தைக் காட்டினாங்க. அந்தப் படத்துல இடது தோள் எலும்பு முறிஞ்சு கூடியிருக்கு."

"அண்ணனுக்கு எப்போ முறிஞ்சுது?" என்று சிரித்துக்கொண்டே கேட்டான் சின்னவன். கேட்ட பிறகு சிரிப்பு மெல்ல மெல்ல முகத்தை விட்டுப் போயிற்று. அண்ணனைப் பார்த்தான். அண்ணன் பிடித்திருந்த கையைப் பார்த்தான்.

"உனக்குத் தெரியுமா அண்ணே?"

"இப்பத்தான்டா. சாயங்காலம்தான் சொன்னா."

"அப்போ நான் ரெண்டு வீடு வாங்கியிருக்கேன்னு சொன்னப்போ தெரியும்."

பெரியவன் தலையைக் குனிந்துகொண்டான். அண்ணி பிஸ்கட் பாக்கெட்டுகளை எடுத்து ஓரமாக வைத்தாள். பக்கத்து வீட்டில் யாரோ குழாயைத் திறந்து பாத்திரம் கழுவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

சின்னவன் தன் கையை மெதுவாக விடுவித்துக்கொண்டான். கோபம் இல்லை அவன் முகத்தில். கணக்குப் போடத் தெரியாதவன் கணக்குப் போடுகிற முகம். டாக்டரம்மா சொன்னது, அண்ணி தெருவில் அழுதது எல்லாவற்றையும் ஒன்றாகச் சேர்த்துப் பார்த்தான். ஒரு தடவை ஆழமாக மூச்சை இழுத்து, அது உள்ளே எங்கே போகிறது என்று கவனிக்கிறவன் போல அப்படியே வைத்திருந்து, விட்டான்.

பிறகு கேட்டான்.

"அந்தக் கண்ணாடி ரூம்ல ஒரே இடம்தானே அண்ணே இருக்கு. அது இப்போ யாருக்கு?"